புகழும் இகழும் கலந்த பெயர் கொண்ட பைப்பின் தரத்தை அறிவது எப்படி? டப்ளின் பீட்டர்சனை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த பீட்டர்சன் நிறுவனத்தின் புகைபிடிக்கும் பைப்பை வாங்கலாமா என்று விசாரிப்பவருக்கு நேர் எதிரான இரண்டு பதில்கள் கிடைக்கும். பல ஆண்டுகளாகத் தன்னிடம் இருக்கும் பீட்டர்சனைப் போல அமைதியாகவும் உலர்வாகவும் புகையும் பைப் வேறில்லை என்பார் ஒருவர். புதிதாக வாங்கிய பீட்டர்சனில் துளை விலகியிருந்தது, மேற்பூச்சு சூட்டில் கொப்பளித்தது, மரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது என்று அடுக்குவார் இன்னொருவர். இருவரும் தாம் கண்டதையே சொல்கிறார்கள். ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு விலைகளில், வெவ்வேறு உரிமையாளர்களின் மேற்பார்வையில் செய்யப்பட்ட பொருள்களை அவர்கள் பேசுகிறார்கள் என்பதுதான் முரண்பாட்டின் காரணம். புகழ்ச்சிக்குப் பாதி, இகழ்ச்சிக்குப் பாதி என்று மதிப்பெண் போட்டுச் சராசரி காண்பதால் வாங்குபவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஒவ்வொரு கருத்தும் எந்தக் காலத்தின், எந்த வரிசையின், பைப்பின் எந்தப் பாகத்தைப் பற்றியது என்று பிரித்தறிந்து, அதன் பிறகு கையிலிருக்கும் அந்த ஒரு பைப்பைச் சோதிப்பதே சரியான வழி. பீட்டர்சனை நான் எடுத்துக்கொள்வது, பாராட்டும் குறையும் இந்த அளவுக்குச் சரிசமமாகக் குவிந்துள்ள பெயர் பைப் உலகில் அரிது என்பதால்தான். முறை எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

இந்த வழிகாட்டி யாரையும் புகைக்கத் தூண்டுவதற்காக எழுதப்படவில்லை. பைப் புகையும் வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. சிகரெட்டைவிடத் தீங்கற்றது என்ற எண்ணத்தில் யாரும் இதைத் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே பைப் பிடிப்பவர்களுக்கும், கைவினைப் பொருளாக மட்டும் பைப்பைச் சேகரிப்பவர்களுக்கும் உரியது இது.

கீழே அடிக்கடி வரும் சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை இடும் குழியுள்ள பகுதி கிண்ணம். அதிலிருந்து நீளும் மரப்பகுதி காம்பு. வாயில் வைக்கும் பகுதி வாய்க்குழல். குழியின் அடியிலிருந்து காம்பு வழியாகச் செல்லும் நீண்ட துளை புகைவழி. காம்பின் முனையில் போடும் உலோக வளையம் பூண்.

படி 1: பெயருக்குள் இருக்கும் காலங்களைப் பிரியுங்கள்

பீட்டர்சன் நிறுவனம் 1865ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிவருகிறது. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரிலிருந்து வந்த காப் குடும்பத்தார் டப்ளின் கிராஃப்டன் தெருவில் நடத்திய கடையில், லாட்வியாவிலிருந்து வந்த சார்லஸ் பீட்டர்சன் என்ற கைவினைஞர் சேர்ந்தார். நிறுவனத்தை உலகறியச் செய்த, புகையின் ஈரத்தைப் பிரித்துத் தங்கவைக்கும் ‘சிஸ்டம்’ பைப்புக்கு 1890இலும், ‘பி-லிப்’ என்ற தனி வகை வாய்க்குழல் முனைக்கு 1898இலும் அவர் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் நிறுவனம் காப் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1991இல் டாம் பால்மர் அதை வாங்கினார். 2018இல் அமெரிக்காவின் லாடிசி நிறுவனம் பைப் தொழிலை ஏற்றது. டப்ளினின் சாலிநாகின் பகுதியில் உள்ள ஆலையில் வேலை தொடர்கிறது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. ஒருவர் ‘பீட்டர்சன் மோசம்’ என்று சொன்னால், அவருடைய பைப் 1960களுடையதா, 2005ஐச் சேர்ந்ததா, 2018க்குப் பிந்தையதா என்று கேட்டாக வேண்டும். உரிமையாளர் மாறும்போது மரம் வாங்கும் இடம், மேற்பூச்சு முறை, இறுதிச் சோதனையில் எதைக் கழிப்பது என்ற கண்டிப்பு எல்லாமே மாறக்கூடும். பெயர் மட்டும் அப்படியே இருக்கும். டென்மார்க்கின் ஸ்டான்வெல் பைப்புகளின் உற்பத்தி, அங்கிருந்த ஆலை மூடப்பட்ட பிறகு இத்தாலிக்குப் போனது. ஆகவே ஸ்டான்வெல்லைப் பற்றிய பழைய புகழ்ச்சியை இன்றைய ஸ்டான்வெல்லுக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கிலாந்தின் காமாய்ஸ், ஜிபிடி போன்ற புகழ்பெற்ற பெயர்களும் பிற்காலத்தில் ஒரே குழுமத்தின் கீழ் சேர்ந்தன. அவற்றின் பழைய பைப்புகளையும் பிந்தைய பைப்புகளையும் சேகரிப்பாளர்கள் ஒரே தட்டில் வைப்பதில்லை.

காலத்தை அறிய பைப்பிலேயே சான்றுகள் இருக்கும். பீட்டர்சனில் காம்பின் மீதுள்ள நாட்டுப்பெயர் முத்திரை முதல் சான்று. ஐரிஷ் சுதந்திர நாடு என்ற பெயர் 1922 முதல் 1937 வரை வழக்கில் இருந்தது. அந்தப் பெயர் பொறித்த பைப்பை ஏறத்தாழ அந்தக் காலத்தில் வைக்கலாம். அயர்லாந்து முறைப்படி குடியரசானது 1949இல். எனவே ‘அயர்லாந்து குடியரசு’ என்று பொறித்த பைப், 1940களின் இறுதிக்கு முன் வந்திருக்க முடியாது. வெறுமனே ‘அயர்லாந்தில் செய்தது’ என்ற முத்திரையை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லத் துணியாதீர்கள்.

வெள்ளிப் பூண் இருந்தால் வேலை எளிது. நம் ஊரில் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை இருப்பதைப் போல, டப்ளின் தரச்சோதனை அலுவலகம் அயர்லாந்தைப் பெண்ணாக உருவகிக்கும் ஹைபர்னியாவின் அமர்ந்த உருவம், முடிசூடிய யாழ், ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஆகியவற்றை வெள்ளியில் பொறிக்கிறது. அந்த எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் அட்டவணையோடு ஒப்பிட்டால், பூண் சோதிக்கப்பட்ட ஆண்டு தெரியும். பூண் முன்கூட்டியே செய்து இருப்பில் வைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் பைப் அதற்குச் சற்றுப் பின்னர் முடிக்கப்பட்டிருக்கவும் கூடும். நிக்கல் பூண்களில் மூவிலைத் தழை, வேட்டைநாய், கோபுரம் என மூன்று சிறு சின்னங்களைக் காணலாம். பார்வைக்கு ஹால்மார்க் போலத் தோன்றினாலும் அவை நிறுவனத்தின் அலங்காரச் சின்னங்களே. அவற்றைக் காட்டி ‘வெள்ளிப் பூண்’ என்று விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 2: எந்த வரிசை என்று பாருங்கள்

கலவையான பெயருக்கு மிகப் பெரிய காரணம் மரத்திலேயே இருக்கிறது. நல்ல பைப்புகள் எரிகா ஆர்போரியா என்ற மத்தியதரைக் கடற்பகுதிப் புதர்ச்செடியின் அடியில், மண்ணுக்குள் உருண்டு வளரும் வேர்முண்டிலிருந்து செய்யப்படுகின்றன. இந்த மரத்துக்குப் பிரையர் என்று பெயர். கிண்ணம் செய்யத் தகுந்த பருமனை அடைய முண்டுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதைக் கட்டைகளாக அறுத்து, சாறும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் வெளியேறப் பல மணி நேரம் நீரில் வேகவைத்து, மாதக்கணக்கில் மெதுவாக உலர்த்துவார்கள். மண்ணுக்குள் வளர்வதால் மரத்தினுள்ளே சிறு கற்களும் மண்குழிகளும் வெடிப்புகளும் மறைந்திருக்கும். கடைசல் இயந்திரத்தில் வைத்துக் கடையும் வரை, உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த ஆலைக்கும் தெரியாது.

எனவே பெரிய ஆலைகள் எல்லாமே, கடைந்த பிறகு கிண்ணங்களைத் தரம் பிரிக்கின்றன. குறையில்லாமல், மர ரேகை அழகாக ஓடுவது வழவழப்பாக மெருகிடப்பட்டு உயர்ந்த வரிசைக்குப் போகும். மேற்பரப்பில் குழிகள் உள்ளவற்றை மணல்வீச்சாலோ உளியாலோ சொரசொரப்பாக்கினால் குழிகள் காணாமல் போகும். புகைப்பதற்கு அவை வழவழப்பானவற்றுக்கு எந்த விதத்திலும் தாழ்ந்தவை அல்ல. இன்னும் கீழே உள்ளவற்றில் குழிகளை மக்கு என்ற நிரப்புப் பசையால் அடைத்து, அடர்ந்த சாயம் பூசுவார்கள். அதற்கும் கீழானவற்றை நிறுவனத்தின் பெயரே இல்லாமலோ வேறு பெயரிலோ விற்பார்கள். உயர்ந்த வரிசையில் ஒன்றை வாங்கியவரும் மலிவான வரிசையில் ஒன்றை வாங்கியவரும் ஒரே நிறுவனத்தைப் பற்றி எதிரெதிராகப் பேசுவதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பீட்டர்சனின் சிஸ்டம் பைப்புகளையே எடுத்துக்கொண்டால், நிக்கல் பூண் போட்ட ஸ்டாண்டர்ட், வெள்ளிப் பூண் போட்ட பிரீமியர், மேலான மரமும் வெள்ளிப் பூணும் கொண்ட டீலக்ஸ் என்று படிகள் உண்டு. 303, 307, 312, 314, 317 போன்ற எண்கள் வடிவத்தைக் குறிப்பவை; எண் பெரிதாக இருப்பதால் தரம் கூடிவிடாது. ஸ்டாண்டர்டில் சிறு மக்கு அடைப்பு இருந்தால் அது அந்த விலைக்கு ஏற்றதே. டீலக்ஸில் அதே அடைப்பு இருந்தால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். ஒரு நிறுவனத்தை அதன் மலிவான வரிசையை வைத்து இகழ்வதையும், உயர்ந்த வரிசையை வைத்துப் புகழ்வதையும் நான் ஏற்பதில்லை. நீங்கள் வாங்கப் போகும் வரிசையை அதே விலையில் பிறர் தருவதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நேர்மையான அளவுகோல்.

படி 3: கேட்ட குறைகளைப் பகுத்துப் பாருங்கள்

முதல் வகை அமைப்புக் குறைகள். புகைவழி தவறான உயரத்தில் குழிக்குள் நுழைவது, காம்பின் சுவர் ஒரு பக்கம் மெலிந்திருப்பது, வாய்க்குழல் பொருந்தாதது, மரத்தில் விரிசல் ஆகியவை இதில் அடங்கும். இவை புகைப்பதையே கெடுக்கும், பெரும்பாலும் திருத்தவும் முடியாது. நம்பகமான பலர் ஒரே காலத்துப் பைப்புகளைப் பற்றி இத்தகைய குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அந்தக் காலத்து நிறுவனத்தின் மீது ஐயம் கொள்வது நியாயம்.

அடுத்தது தோற்றக் குறை. மக்கு அடைப்பு, சீரற்ற சாயம், கனமான மேற்பூச்சு, தேய்ந்த முத்திரை ஆகியவை இதில் வரும். பீட்டர்சன் மீது கடந்த சில பத்தாண்டுகளில் எழுந்த குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி இந்த வகையே என்பது என் மதிப்பீடு. இவற்றை அற்பம் என்று ஒதுக்கக் கூடாது. காசு கொடுத்தவருக்குக் குறை சொல்ல உரிமை உண்டு. ஆனால் மக்கு அடைப்புள்ள ஒரு பைப், துளை சரியாக அமைந்திருந்தால், அழகான ரேகையும் விலகிய துளையும் கொண்ட பைப்பைவிட நன்றாகப் புகையும்.

மூன்றாவது வகையைப் பலர் குறை என்றே தவறாக எண்ணுகிறார்கள். அது விருப்பு வேறுபாடு. பி-லிப் முனையில் புகை வெளியேறும் துளை மேற்புறத்தில் இருக்கும். புகை நாக்கின் மீது நேராகப் பாயாமல் அண்ணத்தை நோக்கிச் செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். சிலருக்கு நாக்கு எரிச்சல் குறைகிறது என்று அது பிடிக்கும். பற்களுக்கு இடையில் தடிமனாக இருக்கிறது என்று வேறு சிலருக்குப் பிடிக்காது. இதில் தரத்தைப் பற்றிய செய்தி ஒன்றும் இல்லை. அதே நிறுவனம் தட்டையான வழக்கமான முனையுள்ள பைப்புகளையும் தருகிறது.

சிஸ்டம் பைப்பைப் பற்றி அதிகம் கேட்கும் குறை, ‘பைப் துடைக்கும் கம்பி உள்ளே போகவில்லை’ என்பது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஓர் அமைப்பின் இயல்பைக் குறையாக எண்ணுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. சிஸ்டம் பைப்பின் காம்புக்குள், புகைவழிக்குக் கீழே ஒரு சிறு கிணறு குடையப்பட்டிருக்கிறது. குழியிலிருந்து வரும் சூடான புகை அந்த அகன்ற இடத்துக்குள் நுழையும்போது வேகம் குறைந்து, ஈரம் குளிர்ந்து நீராகிக் கிணற்றில் தங்கும். உலர்ந்த புகை மேலே உள்ள வாய்க்குழலுக்குச் செல்லும். புகைவழியின் வாயும் வாய்க்குழலின் வாயும் ஒரே கோட்டில் இல்லாததால், வாய்க்குழலைக் கழற்றாமல் துடைக்கும் கம்பியைக் குழி வரை தள்ளப் பல சமயம் முடியாது. வாய்க்குழல் கூம்பு வடிவில் பூணுக்குள் இறங்குவதால், பைப் சூடாக இருக்கும்போதே அதைக் கழற்றிக் கிணற்றின் நீரைக் கொட்ட முடியும். சாதாரணப் பைப்பில், வாய்க்குழலின் முனையிலுள்ள மெல்லிய முளை மரத்துக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். சூட்டில் அதைக் கழற்றினால் முளை தளரும், சில நேரம் உடையும். ஆக, கம்பி நேராகச் செல்லாததை சாதாரணப் பைப்பில் குறையாகக் கொள்ளலாம். சிஸ்டத்தில் அப்படிக் கொள்ள முடியாது.

படி 4: கையில் எடுத்துச் சோதியுங்கள்

இதற்கு ஒரு சிறு டார்ச், ஒரு பென்சில், துடைக்கும் கம்பி ஆகியவை போதும். கடையில் தயக்கமின்றிக் கேட்டு நேரம் எடுத்துச் சோதியுங்கள்.

முதலில் துளை. டார்ச்சைக் குழிக்குள் அடித்துப் புகைவழி எங்கே திறக்கிறது என்று பாருங்கள். அது குழியின் அடியில், நடுவில் இருப்பதே சிறப்பு. அடிமட்டத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே இருந்தால் பெரிய தீங்கில்லை. அதற்கு மேல் உயர்ந்திருந்தால் அடியில் ஈரமான புகையிலை எரியாமல் தங்கி, ஒவ்வொரு முறையும் கசந்த நீரைத் தரும். பக்கவாட்டில் சற்று விலகியிருப்பது பார்வைக்குத்தான் உறுத்தும், புகைப்பதைப் பெரிதாகப் பாதிக்காது. பிறகு பென்சிலைக் குழிக்குள் அடி வரை விட்டு, விளிம்பின் மட்டத்தில் விரலால் பிடித்து, அதே நீளத்தைக் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். அடிமரம் எவ்வளவு மீந்திருக்கிறது என்று உடனே தெரியும். அடி மிக மெலிந்திருந்தால் எரிந்து ஓட்டை விழும் அபாயம் உண்டு. விளிம்பைச் சுற்றிச் சுவரின் தடிமனையும் பாருங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் குழி விலகிக் குடையப்பட்டிருக்கிறது.

அடுத்து, காலிப் பைப்பை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள் (கடையில் இதற்கு முதலில் அனுமதி கேட்க வேண்டும்). காற்று எளிதாகவும் சத்தமில்லாமலும் வர வேண்டும். சீழ்க்கை ஒலி கேட்டால் வழியில் எங்கோ நெருக்கலோ கூர்மையான விளிம்போ இருக்கிறது. பெரும்பாலான பைப்புகளில் புகைவழியின் விட்டம் 3.5 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். மிகக் குறுகினால் உறிஞ்சும் வேகம் கூடி, புகை சூடாகி, நாக்கு எரியும்.

வாய்க்குழல் பொருந்துவதைப் பார்க்கும்போதும் பைப்பின் வகையை மறக்கக் கூடாது. சாதாரணப் பைப்பில் காம்பும் வாய்க்குழலும் சந்திக்கும் இடத்தில், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் இடைவெளி தெரியக் கூடாது. உள்ளே முளையின் முனைக்கும் துளையின் முடிவுக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால், ஈரம் அங்கே தேங்கிக் களகளவென்று ஒலிக்கும். சிஸ்டத்திலோ பூணுக்கும் வாய்க்குழலின் தோள்பகுதிக்கும் இடையில் சிறிது இடைவெளி இருப்பது இயல்பே. கூம்பு முனை தேயத் தேய வாய்க்குழல் இன்னும் உள்ளே இறங்க அது இடம் தருகிறது. லேசாகத் திருகி அழுத்தினால் உறுதியாக நிற்கிறதா, ஆடுகிறதா என்பதே இங்கு சோதனை.

வாய்க்குழலின் பொருள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வல்கனைட் என்றும் சொல்வார்கள். பழைய எபோனைட் பேனாக்கள் வெயிலில் பழுப்பேறுவதைக் கண்டவர்களுக்கு இதன் குணம் தெரிந்திருக்கும். வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பு பழுப்புப் பச்சையாகிக் கசக்கும். ஆனால் பற்களுக்கு மிருதுவாக இருக்கும். இன்னொன்றான அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் நிறம் மங்காது, ஆனால் கடிக்கக் கடினமாக இருக்கும். பழுப்பேறிய வாய்க்குழல் தரக்குறைவுக்கு அடையாளம் அல்ல, பராமரிப்பின்மைக்கே அடையாளம். பற்கள் பிடிக்கும் இடத்தில் தடிமன் 4 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் வசதி; 5ஐத் தாண்டினால் நீண்ட நேரம் பிடித்திருப்பது சிரமம். துளையின் உள்விளிம்பு நன்றாக மழுக்கப்பட்டிருக்கிறதா என்று நகத்தால் தொட்டுப் பாருங்கள். ஆலையில் கடைசியாக எவ்வளவு கவனம் காட்டினார்கள் என்பதை இந்தச் சிறு இடம் சொல்லிவிடும்.

கடைசியாக மரமும் பூச்சும். பைப்பைச் சாய்த்து வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றுங்கள். ரேகை ஓடாமல் மங்கலாகத் தெரியும் புள்ளிகள் மக்கு வைத்த இடங்கள். மரத்தைப் போல மக்கு சாயத்தை ஏற்காததால் அவை நிறம் மாறித் தெரியும். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் ஓரிரு சிறு அடைப்புகள் இருந்தால் கவலை வேண்டாம். குழிக்குள்ளோ, விளிம்பிலோ, காம்பின் மெல்லிய பகுதியிலோ இருந்தால் வாங்க வேண்டாம். பூச்சு கண்ணாடி போலப் பளபளத்து, விரலுக்கு மரத்தின் நயம் தட்டுப்படாமல் இருந்தால் அது கனமான லேக்கர். அத்தகைய பூச்சு சூட்டில் கொப்பளிக்கக்கூடும். பிறகு மெழுகால் மெருகேற்றவும் முடியாது. கார்னௌபா மெழுகால் மெருகிட்ட மரம் காலப்போக்கில் மங்கும், ஆனால் மீண்டும் மெருகேற்றலாம். குழியின் உட்புறம் கறுப்புப் பூச்சு இருந்தால் அது தொடக்க காலத்தில் மரத்தைக் காக்க இடப்பட்டதாக இருக்கலாம். அதற்கடியில் வெடிப்பு மறைந்திருக்கிறதா என்று டார்ச்சால் பாருங்கள்.

படி 5: பழைய பைப்பை வாங்குவதானால்

கைமாறி வரும் பீட்டர்சன்களை நான் விரும்புகிறேன். அவை ஏற்கெனவே பிறர் கையில் சூட்டையும் ஈரத்தையும் தாங்கி, அமைப்புக் குறை இல்லை என்று நிறுவியவை. எனினும் வேறு வகைச் சேதங்களைத் தேட வேண்டும். குழிக்குள் படியும் கரி ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. மிகத் தடித்துவிட்டால் சூட்டில் மரத்தைவிட வேகமாக விரிந்து கிண்ணத்தை வெடிக்கச் செய்யும். பீட்டர்சனில் பூண் இயல்பாகவே இருப்பதால், காம்பின் விரிசலை அது மறைத்துவிடக்கூடும். வாய்க்குழலைக் கழற்றி உள்ளிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வாய்க்குழலில் நிறுவனத்தின் பி எழுத்து இல்லாவிட்டால் பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கலாம்; சிஸ்டம் பைப்பில் வேறு வாய்க்குழலைப் பொருத்தினால் ஈரம் பிரியும் வேலை சரியாக நடக்காது. பற்தடம் எபோனைட்டில் இருந்தால் மிதமான சூட்டில் பெரும்பாலும் எழும்பிவிடும். அக்ரிலிக்கில் அப்படி எழும்பாது.

புளித்த நாற்றமடிக்கும் பழைய சிஸ்டத்தைக் கண்டு நிறுவனத்தைக் குறை கூறாதீர்கள். கிணற்றை முந்தைய உரிமையாளர் சுத்தம் செய்யவில்லை என்பதே அதன் பொருள். சாராயத்தில் நனைத்த பஞ்சாலும் கம்பியாலும் பலமுறை துடைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

படி 6: படத்தைப் பார்த்து வாங்கும்போது

விற்பவர் காட்டும் படங்களில் அழகான பக்கமே இருக்கும். குழியின் உள்ளே அடிவரை தெரியும் படம், விளிம்பின் மேலிருந்து எடுத்த படம், காம்பின் இருபுற முத்திரைகள், வாய்க்குழலைக் கழற்றிய நிலையில் காம்பின் வாய், கிண்ணத்தின் அடிப்புறம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். புதிய பைப்பானால், அனுப்பப் போகும் அதே பைப்பின் படமா, மாதிரிப் படமா என்று கேளுங்கள். பிரையரில் எந்த இரண்டு கட்டைகளும் ஒன்று போல இருப்பதில்லை என்பதால், மாதிரிப் படத்தை நம்பி உயர்ந்த வரிசையை வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது. திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள், புகைத்த பிறகு ஏற்பார்களா என்பதை எழுத்தில் பெறுங்கள். புகைக்காத பைப்பை மட்டுமே ஏற்பார்கள் என்றால், படி 4இன் சோதனைகளைப் பைப் வந்த அன்றே, புகையிலை இடும் முன் முடித்துவிடுங்கள்.

படி 7: முதல் சில வாரங்களில் கவனிக்க வேண்டியவை

புதிய பைப்பின் முதல் சில தடவைகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உட்பூச்சு, சாயம், இன்னும் கரி படியாத மரம் ஆகியவற்றின் சுவை அதில் கலந்திருக்கும். பத்துப் பதினைந்து தடவைகளுக்குப் பிறகே பைப்பின் உண்மையான குணம் தெரியும். ‘இந்தப் பைப் எப்போதும் நனைந்தே இருக்கிறது’ என்ற குறைக்குப் பைப்பைவிடப் புகையிலையே பெரும்பாலும் காரணம். ஒரு சிட்டிகைப் புகையிலையை விரல்களுக்கிடையே அழுத்தி, பிறகு பிடியை விடுங்கள். அது உருண்டையாகவே நின்றால் இன்னும் உலர வேண்டும். மெல்ல விரிந்து பிரிந்தால் சரியான பதம். மெதுவாக உறிஞ்சுங்கள், கிண்ணம் கைக்குப் பொறுக்காத சூட்டை அடையவிடாதீர்கள், ஒருமுறை புகைத்த பிறகு குறைந்தது ஒரு நாளாவது பைப்புக்கு ஓய்வு கொடுங்கள். சிஸ்டமானால் ஒவ்வொரு முறையும் கிணற்றின் நீரைக் கொட்டி, முறுக்கிய காகிதத்தால் துடையுங்கள். இவை அனைத்தையும் செய்த பிறகும் களகளப்பு நீங்காவிட்டால், குறை துளையிலோ வாய்க்குழல் பொருத்தத்திலோ இருக்கிறது என்று அப்போது உறுதியாகச் சொல்லலாம்.

குழிக்குள் மேலோட்டமாகத் தோன்றும் மெல்லிய வெடிப்புக் கோடுகள் பல பைப்புகளில் வருவதுண்டு. கரி படிந்ததும் அவை நின்றுவிடும். ஆனால் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிடச் சுடுவதும், அங்கே நிறம் கருத்துவருவதும், மரத்துக்குள் மறைந்திருந்த குழியையோ மென்மையான பகுதியையோ நெருப்பு தின்று வெளியே வருகிறது என்பதற்கான அடையாளம். அப்படி நேர்ந்தால் உடனே புகைப்பதை நிறுத்துங்கள். குழியைச் சுரண்டவோ, சாம்பல் குழைத்து அடைக்கவோ முயலாமல், உள்ளும் வெளியும் தெரியும்படி படமெடுத்து, வாங்கிய ரசீதோடு விற்றவருக்கு அனுப்புங்கள். முதல் சில மாதங்களுக்குள் நேரும் இத்தகைய எரிவை மரத்தின் குறையாக ஏற்றுப் பைப்பை மாற்றித் தருவது நல்ல விற்பனையாளர்களின் வழக்கம். அந்த மடலுக்கு என்ன பதில் வருகிறது, எவ்வளவு விரைவில் வருகிறது என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த பைப்பை அதே இடத்தில் வாங்குவதா என்று முடிவு செய்யும்போது அந்தக் குறிப்பு உதவும்.